அளக்கிற கோல் யார் கையில்?

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில், ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியர் ஒருவர் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

என்னை அழைத்து எழுதிய கடிதத்தில், "மாணவர்களுக்கு ஊக்கம் தரும் வகையில் பேசவும்" என்று கேட்டிருந்தார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவியும், இரத்தம் சோதித்தும் பிழைத்தவன். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு தொழில்தான். ஆகவே அந்தத் தொழிலில் உள்ள கருவிகளைப் பற்றியே பேசுகிறேன். 'பிள்ளைகள் விழாவில் இரத்தத்தையும் குழாயையும் பற்றி என்ன பேச்சு?' என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், இது கூலியைப் பற்றிய பேச்சு, பள்ளிக்கூடத்தைப் பற்றிய பேச்சு என்பது விளங்கும்.

அப்பாவின் பாலும் கண்ணாடிக் கோலும்

நான் பிறந்தது இந்த மாவட்டத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். இன்று அந்த இடத்தில் ஒரு பால்மரம்கூட இல்லை. பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. அப்பாவும் அம்மாவும் மரம் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை, வெயில் ஏறியதும் பால் எடுப்பு. வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால் அங்கே கிராணி நிற்பார். அவர் கையில் ஒரு கண்ணாடிக் கோல் இருக்கும். மெட்ரோலேக் என்று பெயர். இங்குள்ள பெரியவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள்.

பாலில் அளவாகத் தண்ணீர் கலந்து, கோலை அதில் மிதக்கவிட்டு, எந்தக் கோடுவரை அமிழ்கிறது என்று பார்ப்பார்கள். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் அதிகமுள்ள பாலில் கோல் ஆழமாக இறங்கும். ரப்பர் குறைந்த பாலில் மேலே நிற்கும். அந்தக் கோட்டை வைத்துத்தான் 'இந்த வாளியில் காய்ந்த ரப்பர் இவ்வளவு' என்று கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் கூலி.

சில நாள் கோடு குறைவாகக் காட்டும். அப்பா அங்கே ஒன்றும் பேச மாட்டார். லயத்துக்கு வந்த பிறகு அம்மாவிடம், "கண்ணுக்குத் தெரியாத கணக்குக்கு யாருகிட்ட போயி நியாயம் கேக்கிறது?" என்பார்.

பிற்காலத்தில் நான் ஆய்வுக்கூட வேலைக்குச் சேர்ந்த பிறகு, ரப்பர்ப் பாலைச் சோதிக்கும் முழு முறையைத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் பாலை நிறுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, அழுத்தித் தண்ணீரை நீக்கி, சூட்டில் நன்றாகக் காயவைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் அதுதான் உறுதியான கணக்கு. மெட்ரோலேக் காட்டுவது ஒரு மதிப்பீடு. கவனமாகப் பார்த்தால் ஏறத்தாழச் சரியாக இருக்கும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது இதை அப்பாவிடம் விளக்கினேன்.

"அப்ப அந்தக் கோலு பொய் சொல்லலியா?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் இல்லப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பொய்யோ மெய்யோ, ஒரு தடவ நானே தொட்டுப் பாத்திருந்தா மனசு ஆறியிருக்கும்."

இன்று நான் பேசப்போவது எல்லாம் அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான்.

ஒன்பது நாள்

1971-ஆம் ஆண்டு என் அக்காளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அப்போது அவர் ஆறாம் ஆண்டு மாணவி. தோட்டத்து டிரசர் நல்ல மனிதர். விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பட்டணத்துக்கு அனுப்பினார். அங்கே நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, ஒவ்வொரு சில்லாகப் பார்க்கிறவர் ஒருவர். அவர் முன்னால் எத்தனையோ தோட்டத்துச் சில்லுகள். அக்காளுக்கு மலேரியா என்ற முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று.

சரியான மருந்து கிடைத்தபின் அக்காள் பிழைத்துக்கொண்டார். ஆனால் உடம்பு தேற மாதக்கணக்காயிற்று. அந்த ஆண்டுத் தேர்வு போயிற்று. தேர்வு போனதும் பள்ளிக்கூடமும் போயிற்று. மறு ஆண்டு அவர் அம்மாவோடு நிரைக்குப் போனார். எங்கள் வீட்டில் அழகான கையெழுத்து அவருடையதுதான். இன்றும் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தால், உறையில் பெயர் எழுத அவரிடம்தான் கொடுப்போம்.

டிரசர் மீது குற்றமில்லை. சில்லு பார்த்தவர் மீதும் குற்றமில்லை. கருவி தொலைவில் இருந்தது, பார்க்கும் கண்ணும் ஒன்றுதான் இருந்தது. இதுதான் நடந்தது.

செய்தி தாமதமானால் என்ன ஆகும் என்று கோத்தா கோலா மூடா மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி வாக்கில் சுமத்ராவை அடுத்த கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை இந்தக் கரைக்கு வந்ததோ நண்பகலுக்குப் பிறகு. இடையில் மணிக்கணக்கில் நேரம் இருந்தது. ஆனால் இந்துமாக் கடலில் அன்று சுனாமி எச்சரிக்கை முறை இல்லை. நேரம் இருந்தும் செய்தி வரவில்லை. நோயின் கதையும் இதுவேதான். கிருமி உடம்பில் இருக்கிறது, மருந்தும் கடையில் இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் செய்தி மட்டும் வழியில் எங்கோ நிற்கிறது.

கட்டைவிரல் வேலை

ஆய்வுக்கூடம் என்றால் பெரிய அறிவாளிகள் வெள்ளைச் சட்டை போட்டு யோசித்துக்கொண்டே நிற்கும் இடம் என்று மாணவர்கள் நினைக்கலாம். உண்மையில் அங்கே நடப்பதில் பெரும்பகுதி ஒரே வேலைதான்: ஒரு குழாயிலிருந்து கொஞ்சம் நீரை எடுத்து இன்னொரு குழாயில் விடுவது. மறுபடியும் எடுப்பது, மறுபடியும் விடுவது. மிளகாயும் மல்லியும் அளந்து போடுகிற மாதிரிதான். ஆனால் அளவு மிகச் சிறியது. ஒரு லிட்டரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோலிட்டர். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர். நாங்கள் அந்தச் சொட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளந்து விட வேண்டியிருக்கும்.

முன்காலத்தில் இதை வாயால் உறிஞ்சித்தான் செய்தார்கள். கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, நோயாளியின் இரத்தத்தையோ கிருமி நீரையோ கோடுவரை இழுப்பார்கள். கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் வாய்க்குள் போய்விடும். அப்படி நோய் வாங்கிக்கொண்ட ஊழியர்கள் உலகமெங்கும் உண்டு. ஜெர்மனியில் மார்பர்க் நகரத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஹைன்ரிக் ஷ்னிட்கர் என்பவருக்கு இந்த உறிஞ்சும் வேலை பிடிக்கவில்லை. அவர் 1957-இல் வில்லும் தண்டும் வைத்து, கட்டைவிரலால் அழுத்தும் ஒரு சிறு கருவியைச் செய்தார். அதுதான் இன்று உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் உள்ள மைக்ரோபிப்பெட். பெரிய கம்பெனி செய்ததல்ல. அந்த வேலையைத் தானே செய்து சலித்துப்போன ஒருவர் செய்தது. மாணவர்களே, இதை நினைவில் வையுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கருவிதான் என் உளி. எங்களிடம் ஒரு தட்டு உண்டு. பல்லாங்குழி மாதிரி இருக்கும். பல்லாங்குழிக்குப் பதினான்கு குழி என்றால் இதற்கு 96 குழி. ஒவ்வொரு குழியிலும் நான்கு வகை நீர் விட வேண்டும் என்றால் 384 முறை எடுத்து விட வேண்டும். அது ஒரு தட்டுக்கு. மாலையில் கட்டைவிரலை மடக்க முடியாது. வலியையாவது பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால், 'இந்தக் குழியில் விட்டேனா, இல்லையா?' என்று சந்தேகம் வந்துவிடும். குழி மாறினால் ஆள் மாறும். இவருக்கு இருக்கும் நோய் அவர் பெயரில் போய்விடும். என் பணிக்காலத்தில் தூக்கத்தைக் கெடுத்தது இந்தப் பயம் ஒன்றுதான்.

இப்படிச் சலிப்பான வேலையை இயந்திரத்திடம் கொடுப்பதற்குத்தான் ஆய்வுக்கூடத் தானியக்கம் என்று பெயர். 'தானாக இயங்குவது' என்று பொருள். கோவிட் காலத்தில் பி.சி.ஆர். என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. 1983-இல் அமெரிக்காவில் கேரி மல்லிஸ் என்ற அறிஞர் அந்த முறையைக் கண்டுபிடித்தார். தொடக்கத்தில் குழாய்களை ஒரு சூடான தொட்டியிலிருந்து சூடு குறைந்த தொட்டிக்கும், மறுபடி சூடான தொட்டிக்கும் மனிதர்கள் கையாலேயே மாற்றிக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்து, இருபது முப்பது சுற்று! சில ஆண்டுகளில் அந்த வேலையைச் செய்யும் சூடேற்றும் பெட்டி விற்பனைக்கு வந்தது. அந்தப் பெட்டி இல்லாதிருந்தால் 2020-இல் உலகம் என்ன பாடு பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பூட்டிய பெட்டி

எங்கள் இடத்துக்கும் ஒரு நாள் நீர் அளந்து விடும் இயந்திரம் வந்தது. விலை ஒரு வீட்டு விலை. மூன்று மாதம் அருமையாக வேலை செய்தது. பிறகு ஒரு நாள் கை பாதியில் நின்றது. மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று ஒட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டும், ஒரு பாகம் வர வேண்டும் என்றார்கள். ஏழு மாதம் அந்த இயந்திரம் பிளாஸ்டிக் துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் நின்றது. நாங்கள் பழையபடி கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஆள் வந்து மூடியைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வார் தேய்ந்திருந்தது. அவ்வளவுதான். நம் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பையன் அரை மணி நேரத்தில் மாற்றியிருப்பான். அன்றைக்கு அப்பாவின் மெட்ரோலேக் எனக்கு ஞாபகம் வந்தது. கோல் நல்ல கோல்தான். ஆனால் தொட உரிமை இல்லாதவனுக்கு அது கண்ணுக்குத் தெரியாத கணக்கு.

மலிவாகச் செய்தவர்கள்

இந்தக் குறையை உணர்ந்து, 'கருவி மலிவாக இருக்க வேண்டும், சுலபமாக இருக்க வேண்டும், உபயோகிக்கிறவன் கையில் இருக்க வேண்டும்' என்று கிளம்பியவர்கள் சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

மனு பிரகாஷ் என்பவர் இந்தியாவில் மீரட் நகரில் பிறந்து, இப்போது அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் விஞ்ஞானி. உகாண்டா நாட்டுக்குப் போனபோது ஒரு மருத்துவ நிலையத்தில், இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் விலை உயர்ந்த இயந்திரத்தைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்களாம். மின்சாரம் இல்லை, என்ன செய்வார்கள்? அவரும், அவரோடு வேலை செய்த சாத் பாம்லா என்ற இளைஞரும் யோசித்தார்கள். பொத்தானில் நூலைக் கோத்து, இரண்டு கையாலும் இழுத்து இழுத்து விட்டால் விர்ரென்று சுற்றுமே, அந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் லயத்தில் சோடா மூடியைத் தட்டையாக்கிச் செய்த அதே விளையாட்டுதான்! காகித வட்டும் நூலும் கைப்பிடியும் வைத்துச் செய்த அந்தக் கருவி நிமிடத்துக்கு 1,25,000 சுற்றுவரை சுற்றியது. ஒன்றரை நிமிடத்தில் இரத்தத்திலிருந்து தெளிநீரைப் பிரித்தது. எடை 2 கிராம். செலவு 20 அமெரிக்கக் காசு, நம் கணக்கில் ஒரு வெள்ளிக்கும் கீழே. 2017-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 2014-இல், காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி ஒன்றையும் மனு பிரகாஷ் குழுவினர் வெளியிட்டிருந்தார்கள். அதன் பாகங்களின் விலை ஒரு டாலருக்கும் குறைவு.

இவை கையால் இயங்குபவை. தானாக இயங்குபவையும் உண்டு. இங்கிலாந்தில் ரிச்சர்ட் போமன் என்ற பௌதிக அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும், பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக வார்த்து உருவம் செய்யும் அச்சு இயந்திரத்தில் ஒரு நுண்ணோக்கியை உருவாக்கினார்கள். சிறு மோட்டார்கள் சில்லை நகர்த்தும். காமிரா தானாகவே தெளிவு பார்த்து, படம் எடுத்து, அடுத்த இடத்துக்கு நகரும். ஓப்பன்பிளெக்சர் என்று பெயர். இதன் வரைபடங்களை இலவசமாகவே வெளியிட்டுவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டு இளைஞர்கள் அதைத் தங்கள் பட்டறையிலேயே செய்கிறார்கள். அங்குள்ள இபாக்காரா சுகாதார ஆய்வு நிலையம் மலேரியாச் சில்லுகளைப் பார்க்க அதைச் சோதித்தது. என் அக்காளின் சில்லு காத்துக்கிடந்த அதே வேலை!

நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் ஜென்ஸ்பேஸ் என்ற பொது ஆய்வுக்கூடம் உண்டு. பட்டம் வேண்டியதில்லை, ஆர்வம் உள்ளவர் யாரும் சேர்ந்து பயிலலாம். அங்கே கூடிய சில இளைஞர்கள், என் கட்டைவிரலைக் கெடுத்த அதே வேலையைப் பார்த்துச் சலித்து, நீர் அளந்து விடும் மலிவான இயந்திரம் ஒன்றைச் செய்தார்கள். 2014-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி ஓப்பன்ட்ரான்ஸ் என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். பல பத்தாயிரம் டாலர் விலையுள்ள வேலையைச் சில ஆயிரம் டாலருக்குக் கொண்டுவந்தார்கள். 2020-இல் கோவிட் பரவியபோது, நியூயார்க்கில் அவர்களுடைய இயந்திரங்களை வைத்தே ஒரு சோதனைக் கூடம் திறக்கப்பட்டது.

நம் பக்கத்துக்கு இன்னும் அருகில் வருவோம். இந்தியாவில் பெங்களூரில் உள்ள பிக்டெக் என்ற ஆய்வு நிறுவனம் வடிவமைத்து, கோவாவில் உள்ள மோல்பியோ என்ற நிறுவனம் செய்யும் ட்ரூநாட் என்ற கருவி, பி.சி.ஆர். சோதனையை மின்கலத்தில் நடத்துகிறது. குளிர்பதன அறை வேண்டியதில்லை. கிராமத்துச் சிறு நிலையத்திலேயே வைத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காசநோய் உண்டா இல்லையா என்று சொல்லும். 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைக் காசநோய்ச் சோதனைக்குப் பரிந்துரைத்தது. இது திறந்து பார்க்கக்கூடிய கருவி அல்ல, ஒரு நிறுவனத்தின் சரக்கு. ஆனாலும் கருவியை நோயாளியின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்களே, அதற்காகப் பாராட்டத்தான் வேண்டும்.

உங்கள் பிள்ளை செய்யக்கூடியது

'இதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் வேலை' என்று பெற்றோர் சொல்லக்கூடும். ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்கள் கவனியுங்கள்.

ஊசி போடும் பிளாஸ்டிக் குழாயை ஊசி இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டைக் கையால் தள்ளினால் ஒரு நேரம் அதிகம் வரும், ஒரு நேரம் குறைவாக வரும். கைக்குப் பதிலாக ஒரு திருகாணிக் கம்பி தள்ளட்டும். கம்பியை ஒரு சிறு மோட்டார் திருப்பட்டும். சாதாரணக் கடையில் கிடைக்கும் 5 மில்லிமீட்டர் திருகாணிக் கம்பி ஒரு சுற்றுக்கு 0.8 மில்லிமீட்டர் நகரும். இந்த வேலைக்கென்றே உள்ள மோட்டார் ஒரு சுற்றை 200 படியாகப் பிரித்துச் சுற்றும். அப்படியானால் ஒரு படிக்குத் தண்டு நகர்வது 0.004 மில்லிமீட்டர். குழாயின் உள் அகலம் 10 மில்லிமீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு வெளியே வருவது ஏறத்தாழ 63 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டுக்குச் சற்று மேல். ஒரு படிக்கு வருவது 0.3 மைக்ரோலிட்டர். கணக்கின்படி ஒரு சொட்டை நூற்றைம்பது பங்காகப் பிரிக்கலாம்! ஒரு கம்பி, ஒரு மோட்டார், ஒரு பிளாஸ்டிக் குழாய்.

நான் கதை கட்டவில்லை. 2014-இல் அமெரிக்காவில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோசுவா பியர்ஸ் என்ற பேராசிரியரின் குழு இப்படி ஒரு கருவியைச் செய்து, யாரும் செய்துகொள்ளலாம் என்று வரைபடங்களை வெளியிட்டது. நூறு டாலருக்குள் முடிந்த வேலை.

இனி ஓர் எச்சரிக்கை. மலிவான கருவி என்றால் நம்பத்தக்க கருவி என்று அர்த்தமல்ல. கணக்கு 0.3 என்று சொல்லும். ஆனால் திருகாணி ஆடும், ரப்பர் முனை ஒட்டும், குழாயில் காற்றுக் குமிழி இருக்கும். சோதிக்காத கருவியை நோயாளியிடம் கொண்டுபோனால் அது பாவம். அதற்கென்று பரிசோதனைகள் உண்டு, அனுமதி முறைகள் உண்டு, அவை வேண்டியவைதாம்.

சோதிப்பது எப்படி? மிகவும் சுலபம். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் சிறு தராசு நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. அது 10 மைக்ரோலிட்டர் தண்ணீரின் எடை. கருவியை '100 மைக்ரோலிட்டர் விடு' என்று சொல்லி, தராசில் விடவைத்து எழுதுங்கள். இருபது தடவை எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் 0.10 கிராம் காட்டினால் உங்கள் கருவி நல்ல கருவி. ஒரு நேரம் 0.07, ஒரு நேரம் 0.13 என்று காட்டினால் இன்னும் வேலை இருக்கிறது. என் அப்பாவுக்குக் கிடைக்காதது இதுதான். கருவி சொல்வதைத் தானே சோதித்துப் பார்க்கும் வசதி. பத்து வயதுப் பிள்ளைக்கு அது இன்று கிடைக்கிறது.

வேலை போகுமா?

சற்று முன் தேநீர் நேரத்தில், செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "மெஷினு மெஷினுன்னு பேசப் போறியாமே தம்பி. எல்லாத்தையும் மெஷினே செஞ்சா எங்களுக்கு என்னா மிச்சம்?"

நியாயமான கேள்வி. பூசி மெழுகிப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டபோது ஆள் தேவை குறைந்ததை நான் கண்ணால் பார்த்தவன். லயம் லயமாகக் காலியாயிற்று. எங்கள் சனங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்கும் பிறைக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போனார்கள். யாரும் அவர்களைக் கேட்டு மரத்தைச் சாய்க்கவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் வந்து யாருக்கும் வேலை போகவில்லை. சோதனைகள் பெருகின, ஆள் தேவையும் இருந்தது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படித்தான் நடக்கும் என்று நான் கையடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். பூட்டிய பெட்டி வருகிற இடத்தில், பெட்டிக்குத் தட்டு மாற்றிவிடும் வேலைதான் நம் ஆட்களுக்கு மிஞ்சும். திறந்த கருவி வருகிற இடத்தில் அதைக் கட்டுகிறவர், பழுது பார்க்கிறவர், அது தப்பாகச் சொல்கிறது என்று கண்டுபிடிக்கிறவர், இத்தனை பேருக்கும் வேலை உண்டு. நம் பிள்ளை இந்த இரண்டில் எந்த இடத்தில் நிற்கப் போகிறது என்பது, அது பத்து வயதில் எதைத் தொட்டுப் பார்த்தது என்பதைப் பொறுத்தும் இருக்கிறது.

நம் பெற்றோர்களுக்கு ஒரு பழக்கம். பிள்ளை கெட்டிக்காரன் என்றால் டாக்டர், இல்லாவிட்டால் வக்கீல். இதே மாவட்டத்தில் செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த வாசலைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு டாக்டர் பட்டம்தான் கண்ணில் படுகிறது. டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் இரத்தத்தைச் சோதித்துச் செய்தி சொல்ல வேண்டும். அந்தக் கருவியை யாரோ ஒருவர் செய்ய வேண்டும், யாரோ ஒருவர் பழுது பார்க்க வேண்டும். அதுவும் கௌரவமான தொழில்தான். தேர்வில் முதலிடம் வராத பிள்ளைக்குக்கூட, கை சுத்தமாக இருந்தால், அதில் இடம் உண்டு.

அந்தப் பணம்

கடைசியாக ஒரு விஷயம். அதிகப் பிரசங்கி என்று நினைக்க வேண்டாம். அறிவியல் அறைக்காகப் பெற்றோர்கள் பாடுபட்டுப் பணம் திரட்டியிருப்பதாகவும், அதை வைத்து என்ன வாங்குவது என்பதில் இரண்டு கருத்து இருப்பதாகவும் அறிந்தேன். கடையில் தயாராக விற்கும் அழகான இயந்திர மனிதப் பெட்டி ஒன்று வாங்கலாம் என்பது ஒரு கருத்து. விழாவில் காட்டலாம், பத்திரிகையில் படம் வரும். நல்ல எண்ணம்தான்.

என் கருத்தைக் கேட்டால், முதலில் இரண்டு நல்ல தராசு வாங்குங்கள். பிறகு மோட்டார், திருகாணிக் கம்பி, திருப்புளி, ஒரு பெட்டி பிளாஸ்டிக் குழாய் வாங்குங்கள். மிஞ்சினால் ஒரு நுண்ணோக்கி. பிள்ளைகள் கழற்றட்டும், உடைக்கட்டும். உடைந்ததற்குத் திட்டாதீர்கள். ஏன் உடைந்தது என்று எழுதவைத்து, அந்தக் குறிப்பேட்டை அடுத்த ஆண்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். படம் பத்திரிகையில் வராமல் போகலாம். பரவாயில்லை. முடிவு உங்களுடையது. எது வாங்கினாலும் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அது ஒன்றைத்தான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் வெறுங்கையோடு வரவில்லை. ஓய்வு பெற்றபோது நண்பர்கள் எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்த மைக்ரோபிப்பெட் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் என் கட்டைவிரல் அழுத்திய கருவியின் வகைதான். தலைமையாசிரியர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். அது சரியாக அளக்கிறதா இல்லையா என்று நான் சொல்லப் போவதில்லை. தராசு வந்ததும் மாணவர்களே கண்டுபிடித்து, அடுத்த ஆண்டு மலரில் எழுதட்டும்.

என் அக்காள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களில் பெயர் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். வீட்டுக்குப் போனதும் அந்த எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.